டியூப் அறுந்த அந்த ராத்திரி... பழைய ஜீப்பில் பேட்டரி ஆடினால் என்ன ஆகும் தெரியுமா?

"தாயி, லைட்டு ஏன் திடீர்னு இப்படிப் பளிச்சுனு எரியுது?"

பின்சீட்டில் இருந்த அம்மாச்சிதான் முதலில் கவனித்தார். அன்றைக்குக் காலையில்தான் கோவில்பட்டியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணும் அப்படியொன்றும் தெளிவில்லை. அந்த ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்தது, முன்சீட்டில் இருந்த எனக்கும் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கும் உறைக்கவில்லை. பாதை நன்றாகத் தெரிகிறதே என்று சந்தோஷம்தான் பட்டோம்.

கடந்த புரட்டாசியில் நடந்தது இது. எட்டயபுரத்தைத் தாண்டி, விளாத்திகுளம் சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குப் போகிற வண்டிப்பாதை. இரவு எட்டரை மணி இருக்கும். மாமாவின் மகிந்திரா எம்எம் 540 ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. அதன் மேல் அவருக்கு இருக்கும் பாசத்தைப் பற்றி அத்தையிடம் கேட்டால் தனிக்கட்டுரை எழுதலாம்.

பளிச்சென்று எரிந்த லைட் ஒரு நிமிடத்தில் அணைந்தது. மாமா வேகத்தைக் குறைப்பதற்குள் வண்டி ஓடைப் பள்ளத்தில் இறங்கி, தடாலென்று மறுகரை ஏறியது. பேனட்டுக்குள் கனமான எதுவோ புரண்ட சத்தம். தொடர்ந்து 'சர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். பேனட் இடுக்கு வழியே நீலப் பொறி தெறித்தது. ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியது.

"இறங்கு தாயி, அம்மாவ இறக்கு!" என்று மாமா கத்தினார். எஞ்சினை நிறுத்தும் நாபை இழுத்துவிட்டு அவர் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். பழைய ஜீப்பில் பின்கதவுக் கொக்கி எப்படி இருக்கும் என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். இழுத்தால் வராது, தூக்கி, தள்ளி, இழுக்க வேண்டும். இருட்டில் எனக்கு அது கைவரவில்லை. எழுபத்தெட்டு வயது அம்மாச்சி உள்ளே உட்கார்ந்தபடி, "அவசரப்படாத, கைய நசுக்கிக்காத" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பேனட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் தட்டிவிட்டுத் தூக்கினார். தூக்கிய மாத்திரத்தில் பொறி நின்றது. ஆனால் கேபிள் உறை புகைந்துகொண்டே இருந்தது. காலடியில் கிடந்த கரிசல் புழுதியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். புகை அடங்கியது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். பேட்டரி ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. அதைக் கட்டியிருந்த சைக்கிள் டியூப் இரண்டாக அறுந்து தொங்கியது.

ஆம், சைக்கிள் டியூப். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள ஒரு பொருளை அந்த ஜீப்பில் ஐந்தாறு வருடங்களாகப் பிடித்து வைத்திருந்தது அது மட்டும்தான்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நான் வழக்கமாக எழுதுவது வைரல் வீடியோக்களைப் பற்றி. ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு ஒரு பேட்டரியின் பின்னால் அலைவேன் என்று நினைத்ததில்லை. ஆனால், அந்த இரவுக்குப் பிறகு ஊரில் கண்ணில் பட்ட பழைய ஜீப், டிராக்டர், லோடு வண்டி எல்லாவற்றிலும் பேனட்டைத் திறந்து பார்க்கச் சொல்லித் தொந்தரவு செய்தேன். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் பேட்டரியைக் கையால் தள்ளினாலே நகர்ந்தது. சிலவற்றில் டியூப், சிலவற்றில் நைலான் கயிறு. ஒன்றில் செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு வண்டியில் எதுவுமே இல்லை. 'வெயிட்டுதான, அதுவா எங்க போகப்போகுது?' என்றார் அதன் உரிமையாளர். எங்கே போகும் என்று நான் பார்த்திருந்தேன்.

கரிசல் மண் செய்யும் வேலை

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காரில் பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பல மாதம் ஒன்றும் ஆகாமல் போகலாம். இங்கே அப்படி நடக்காது. அதற்குக் காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லனைட் வகைக் களிமண். மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பும். வெயில் அடித்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணின் மேல் போட்ட சாலை எதுவும் நேராக இருப்பதில்லை. அடியில் மண் உப்பி இறங்க, மேலே தார் அலை அலையாகிவிடுகிறது. வண்டிப்பாதை என்றால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் பதித்த தடம், தை, மாசி வெயிலில் கல்லாக இறுகிவிடும். கோடை முழுக்க அந்தத் தடத்தில்தான் ஜீப் ஓட வேண்டும். பருத்தி ஏற்றவும் வத்தல் ஏற்றவும் ஆட்டுக்குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் அதே பாதைதான்.

எம்எம் 540 மாதிரியான ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். காரில் இருப்பதுபோல மெத்தென்று வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் சேஸிஸ் வழியாக அப்படியே மேலே வரும். நமக்கு அது முதுகுவலி. பேட்டரிக்கோ, ஒவ்வொரு அடியிலும் தட்டிலிருந்து எழும்பி எழும்பி விழுவது.

உள்ளே என்ன நடக்கிறது?

வண்டிகளில் இருக்கும் ஈய அமில பேட்டரி புதிய சமாச்சாரம் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்தது. 1881-ல் கமில் ஃபோர் என்பவர் ஈயச் சட்டத்தின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். வலை போன்ற ஈயத் தகடு, அதன் கண்களில் அப்பிய பசை, சுற்றிலும் அமிலம். ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6 வோல்ட் வருவது இப்படித்தான்.

அந்தப் பசைதான் இங்கே முக்கியம். பேட்டரி குலுங்கக் குலுங்க அது உதிரும். உதிர்ந்தது அடியில் வண்டலாகச் சேரும். வண்டல் தகடுகளின் அடிவிளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த அறை உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துவிடும். ஒரு அறை போனால் பேட்டரி 10.5 வோல்ட்டைத் தாண்டாது. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தத்தோடு சரி. தகடுகளை இணைக்கும் ஈயப் பட்டை குலுக்கலில் விரிசல் விடுவதும் உண்டு. அப்படிப்பட்ட பேட்டரி மீட்டரில் நல்ல வோல்ட் காட்டும். செல்ஃப் அடித்தால் மட்டும் படுத்துவிடும். 'பேட்டரி ரெண்டு வருஷத்துலயே போச்சு, கம்பெனி சரியில்ல' என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள், வீட்டுக்குப் போய் பேனட்டைத் திறந்து பேட்டரியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கேள்வி எனக்கு இருந்தது. பேட்டரி இவ்வளவு ஆடியிருக்கிறது என்றால் மாமாவுக்கு ஏன் தெரியவில்லை? இந்த ஜீப்பின் நல்ல குணமே இந்த இடத்தில் எதிரியாகிவிட்டது. இது பழைய பாணி டீசல் எஞ்சின். டீசலைப் பீய்ச்சுவது முழுக்க இயந்திர பம்ப். ஒரு தடவை எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி இருக்கிறதா, இல்லையா என்று அதற்குக் கவலையில்லை. செல்ஃப் எடுக்கவில்லையா? நாலு பேர் தள்ளினால் போதும். எங்கள் ஊரில் ஜீப்பை எப்போதும் சரிவில்தான் நிறுத்துவார்கள். உருட்டிவிட்டு கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்வது அவ்வளவு சகஜம். அதனால் பேட்டரி சொன்ன முதல் புகாரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது புகார், அம்மாச்சி பார்த்த வெளிச்சம். பேட்டரி ஆட்டத்தில் எர்த் கேபிளின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஓடும் வண்டியில் பேட்டரியின் தொடர்பு விட்டுப்போனால், ஆல்டர்நேட்டர் தரும் மின்சாரத்தைத் தாங்கி வாங்க ஆள் இருக்காது. வோல்டேஜ் சட்டென எகிறும். அதில்தான் லைட் பளிச்சென்று எரிந்து, அடுத்த நொடியே இரண்டு பல்பும் போயிருக்கின்றன. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியின் லைட் மினுக்கினாலோ, திடீரென்று அதிகமாக எரிந்தாலோ, பல்பை மாற்றுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

12 வோல்ட்தானே?

கையில் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் பேட்டரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது உடம்புக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. டீசல் எஞ்சினில் உள்ளே வரும் காற்றைச் சுமார் 20 மடங்குக்கு அமுக்க வேண்டும். அந்த எஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை. அதைத் தருவதற்கென்றே செய்த பொருள் இது. பாசிட்டிவ் முனை வண்டியின் இரும்பைத் தொட்டால் அத்தனையும் அந்த ஒரு புள்ளி வழியாகப் பாயும். ஸ்பானர் பழுத்துச் சிவக்கும்; கேபிள் உறை உருகும். அதோடு, பழைய ஜீப்புகளில் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளில் ஃபியூஸே கிடையாது. வீட்டில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், இருட்டாகும், அவ்வளவுதான். இங்கே தடுக்க எதுவும் இல்லை.

எங்கள் ஜீப்பில் பாசிட்டிவ் முனை தொட்டது பேனட்டின் உள்விளிம்பை. தூக்கியதும் தொடர்பு விட்டுப் பொறி நின்றது. "எர்த் கிளாம்ப் லூசா இருந்ததால முழுக் கரன்ட்டும் பாயல. அது டைட்டா இருந்து, இது சாஞ்சிருந்தா கதை வேற அண்ணாச்சி" என்று மறுநாள் பார்த்த மெக்கானிக் மாமாவிடம் சொன்னார். ஒரு பழுது இன்னொரு பழுதிடமிருந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அம்மாச்சி இதற்கு எங்கள் குலசாமியைக் காரணம் சொல்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். எளிதில் தீப்பிடிக்கும் வாயு அது. எங்களுடையது தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். இருட்டில் பேட்டரித் தண்ணீரின் அளவைப் பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்தவர்களின் கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. தயவுசெய்து டார்ச்சில் பாருங்கள்.

காணாமல் போன சட்டம்

இந்த ஜீப்புகளின் பூர்விகம் போர்க்களம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகளை, 1945-ல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலிருந்து இந்தியாவில் கொண்டுவந்தது. 1980-களில் வந்த எம்எம் 540-க்குப் பெஜோ டீசல் எஞ்சின். கரடுமுரடான பாதைக்கென்றே பிறந்த வண்டியில் பேட்டரியைச் சும்மா வைத்துவிடுவார்களா என்ன? அடியில் தட்டு, மேலே ஒரு இரும்புச் சட்டம், இரண்டையும் இழுத்துப் பிடிக்க நீளமான கொக்கி போல்ட்டுகள் என்று எல்லாம் இருந்தன.

பிறகு எங்கே போயின? பழைய பேட்டரி போய்ப் புது பேட்டரி வரும். புதியது ஒரு அங்குலம் உயரமாகவோ அகலமாகவோ இருக்கும். பழைய சட்டம் பொருந்தாது. 'அப்புறம் மாட்டிக்கலாம்' என்று ஓரமாக வைப்பார்கள். அந்த அப்புறம் வராது. சட்டம் பழைய இரும்புக்குப் போய்விடும். பெட்ரோல் ஜீப்பை டீசலுக்கு மாற்றியவர்கள் பெரிய பேட்டரி வாங்கினார்கள். தட்டு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இன்னொரு எதிரி, அமிலம். பேட்டரியிலிருந்து கசிவது தட்டில் இறங்கி, பெயின்ட்டைத் தின்று, இரும்பைத் தின்னும். மாமாவின் ஜீப்பில் பேட்டரியை எடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரால் தட்டின் மூலையைக் குத்தினார் மெக்கானிக். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது.

சைக்கிள் டியூப் எதற்காக வந்தது என்பதும் புரிந்தது. ரப்பர் இழுத்துக் கட்டினால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் இழுபடுகிற பொருளால் 20 கிலோவை எழும்பாமல் தடுக்க முடியாது. கூடவே எழும்பும், கூடவே இறங்கும். போதாக்குறைக்கு எஞ்சின் சூடும் அமில ஆவியும் சேர்ந்து ரப்பரைக் காயவைத்துவிடும். அறுந்த டியூபைக் கையில் எடுத்து மடக்கினேன். முறுக்குபோல ஒடிந்தது.

பட்டறையில் ஒரு பகல்

கோவில்பட்டியில் ஒரு சிறு பட்டறை. வேலை முடிய அரைப் பகல் ஆனது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். 'பாப்பா, வெல்டிங்க பாக்காத, கண்ணு போயிரும். வீட்ல ஏற்கெனவே ஒரு கண்ணு ஆபரேஷன்' என்று கிண்டல் வேறு.

முதலில் கழற்றியது எர்த் கேபிளை. இந்த வரிசை முக்கியம். எர்த்தைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் ஒன்றும் ஆகாது. அதைக் கழற்றாமல் பாசிட்டிவில் கைவைத்து, ஸ்பானர் பாடியைத் தொட்டால் எங்கள் இரவு திரும்ப வரும். மாட்டும்போது இது தலைகீழ். பாசிட்டிவ் முதலில், எர்த் கடைசியில். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். வெல்டிங் செய்யப் போகிறோம் என்றால் பேட்டரியை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளி வைத்துவிட வேண்டும். ஆல்டர்நேட்டரின் இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது.

பேட்டரி வெளியே வந்ததும் தட்டையும் சுற்றிய இடத்தையும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவினார்கள். சோடா அமிலத்தை முறித்து நுரைக்கும். நுரை நிற்கும்வரை ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடிகள் வழியாக உள்ளே போய்விடக் கூடாது. அமிலம் தோலில் பட்டால் நிறைய தண்ணீரில் கழுவலாம். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டால் அந்த வேலையே வராது. பட்டறையில் யாரும் போட்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் கேட்ட பிறகு மெக்கானிக் மட்டும் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், என் மனசுக்காக.

உளுத்த தட்டுக்கு ஒட்டுப்போடலாமா என்று மாமா கேட்டார். "ஒட்டு எதுல போடுறது, சுத்தியும் செத்த தகரம்ல" என்று முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார். மூன்று மில்லிமீட்டர் தகட்டில் புதுத் தட்டு. நான்கு ஓரமும் ஆங்கிள் வைத்துக் கரை கட்டினார்கள். பேட்டரி எந்தப் பக்கமும் வழுக்காது. மூலையில் தண்ணீர் வடிய ஒரு துளை. அமிலம் தேங்கினால்தானே அரிக்கும்? இரண்டு கோட் பெயின்ட். காய்ந்ததும் அடியில் தடித்த ரப்பர் ஷீட் விரித்தார்கள்.

மேலே பழைய முறைதான். பேட்டரியின் தலையைச் சுற்றி உட்காரும் ஆங்கிள் சட்டம், உள்பக்கம் ரப்பர் ஒட்டியது. தட்டின் அடியில் மாட்டி மேலே வரும் இரண்டு கொக்கி போல்ட். நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். 'இன்னும் ரெண்டு சுத்து?' என்றேன். "பிளாஸ்டிக் பெட்டி பாப்பா. நசுக்குனா மூடி பிதுங்கும், விரிசல் விடும், ஆசிட் ஒழுகும். ஆடாம இருந்தாப் போதும்" என்றார். குலுக்கலில் கழன்றுவிடாமல் இருக்க, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு.

சரியாக இறுகியதா என்று எப்படித் தெரியும்? அவர் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஜீப்பே அசைந்தது, பேட்டரி அசையவில்லை. வேறு மீட்டர் எதுவும் தேவையில்லை.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு இடம், தட்டை எதில் பொருத்துகிறோம் என்பது. மட்கார்டு மாதிரியான மெல்லிய தகரத்தில் ஓட்டை போட்டு முடுக்கினால், சட்டம் உறுதியாக இருக்கும், தகரம் கிழிந்துவிடும். கார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ-வின் விதிகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பேட்டரியை அதன் இடத்திலிருந்து மாற்றி வைத்தால், உலோக இருக்கையும், காப்பு உறை போட்ட இரண்டு உலோகக் கிளாம்ப்புகளும் வேண்டும். போல்ட்டின் விட்டம் குறைந்தது 10 மில்லிமீட்டர். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில், தகரத்தின் மறுபக்கம், 3 மில்லிமீட்டர் தடிமனும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட தாங்கு தகடு. வண்டி உருண்டாலும் பேட்டரி கழன்று வரக்கூடாது என்பதற்காக எழுதிய விதி. நம் ஜீப் பந்தயத்துக்குப் போகவில்லைதான். ஆனால் அந்த விதியைப் படித்துக்காட்டியதும், "இது நம்ம ஊரு ஓடைக்கும் சரியாத்தான் இருக்கு" என்ற மெக்கானிக், ஒரு கழிவுத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி அடியில் வைத்து முடுக்கினார்.

கடைசியாக ஒரு சந்தேகம். புதுத் தட்டு, ரப்பர் ஷீட் எல்லாம் சேர்ந்து பேட்டரி முன்பைவிட உயர்ந்துவிட்டது. பேனட்டை மூடினால் இடிக்குமா? மூடிய பேனட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு உருண்டை புரோட்டா மாவு வந்தது. கேபிள் மாட்டும் முன், பாலித்தீன் தாளை விரித்து இரண்டு முனைகளின் மேலும் மாவை வைத்து, பேனட்டை மூடிக் கொக்கி போட்டுத் திறந்தார். நசுங்கிய மாவின் தடிமன் இரண்டு விரல் இருந்தது. அதுதான் இடைவெளி. "ஒரு விரலுக்குக் கீழ இருந்தா தட்டத் தாழ்த்தணும்" என்றார். பேனட் தகரம் பள்ளத்தில் கொஞ்சம் துள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளாம்ப் மாட்டி, மேலே வாஸலின் தடவினார்கள். கேபிளைக் கூரான தகர விளிம்பில் உரசாமல் கிளிப் போட்டு ஒதுக்கினார்கள். பாசிட்டிவ் முனைக்கு மூடி இல்லை. மெக்கானிக் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரு புது சைக்கிள் டியூபிலிருந்து ஒரு சாண் வெட்டி, கிளாம்ப்பின் மேல் உறையாக மாட்டினார். அந்த வேலைக்கு டியூப் சரியான பொருள்தான்.

மொத்தச் செலவு ஒரு புது பேட்டரியின் விலையில் சின்னப் பகுதிகூட இல்லை. பெரிய செலவு போன பல்புகளுக்கும் கருகிய கேபிளுக்கும் ஆனது.

டிராக்டர்காரர்களுக்கும்...

ஜீப் இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். டிராக்டர் பேட்டரிக்கு இதே குலுக்கல்தான், உழவின்போது மணிக்கணக்கில். சட்டத்தின் நட்டு கழன்று விழுந்தால் உழவுச் சாலில் புதைந்துவிடும், கிடைக்காது. வீட்டில் இரண்டு உபரியாக வாங்கி வைப்பது நல்லது. லோடு ஆட்டோவில் பேட்டரிப் பெட்டிக்குள் கிழிந்த சாக்கைத் திணித்து ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். அமிலம் குடித்த சாக்கு ஈரமாகவே இருந்து அந்தப் பெட்டியைத் தின்னும்.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு தேநீரையே திரிக்கிறது, பேட்டரியை விடுமா? விரிசல் விட்ட பேட்டரியை இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பழையதைக் குப்பையில் போடவோ, ஈயத்துக்காக வீட்டுக் கொல்லையில் உடைக்கவோ கூடாது. மத்திய அரசின் 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட்டால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

ஓடும்போது எங்களுக்கு நடந்த மாதிரி பொறியோ புகையோ வந்தால், முதலில் எஞ்சினை நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள். தீ பிடித்துவிட்டது என்று தெரிந்தால் பேனட்டைத் திறக்க வேண்டாம். காற்று கிடைத்தால் தீ குபீரென்று எழும்பும். மாமா திறந்தார், தப்பித்தார். அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே சொல்லச் சொன்னார். ஜீப்பில் இப்போது ஒரு கிலோ தீயணைப்பான் இருக்கிறது. பின்கதவுக் கொக்கிக்கும் புதுசு போட்டாயிற்று. அதற்கு மட்டும் நான்தான் காசு கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாச்சியைக் கண் பரிசோதனைக்கு அதே ஜீப்பில், அதே ஓடை வழியாகக் கூட்டிப்போனோம். புதிதாக முடுக்கிய போல்ட் முதல் சில நாளில் கொஞ்சம் இளகும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். கிளம்பும் முன் மாமா பேனட்டைத் தூக்கி ஸ்பானரை வைத்தார். ஒரு பக்க நட்டு கால் சுற்று இறங்கியது. இறுக்கிவிட்டு, பேட்டரியைப் பிடித்து ஆட்டினார். வண்டி ஆடியது.

"என்னடா, நான் ஏறுறதுக்கு முன்னாடியே ஓட்டுற?" என்றார் உள்ளே ஏறிக்கொண்டிருந்த அம்மாச்சி. கட்டுப் பிரித்த கண்ணில் கறுப்புக் கண்ணாடி. உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பின்கதவுக் கொக்கியை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.